கைப்பக்குவமும் காகிதமும்: நம் பக்கத்து லாரி, பஸ் மெக்கானிக்குகள் தொழில் கற்ற வரலாறு



நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பற்றிச் சென்ற மாதம் எழுதியதைப் படித்துவிட்டு, "கல்லைப் பற்றி எழுதினீங்க, கல்லைத் தூக்கிட்டுப் போற லாரியைப் பற்றி எழுதலையே சார்" என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். லாரியைவிட, அந்த லாரியைப் படுத்த இடத்திலிருந்து எழுப்பி ஓடவைக்கும் மெக்கானிக்கைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. என் வகுப்பில் படித்தவர்களிலேயே பலர் இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர்ப் பக்கம் கனரக வண்டி மெக்கானிக் ஆவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பட்டறை, மற்றொன்று அப்ரண்டிஸ். அரசு மொழியில் தொழிற்பழகுநர். பட்டறையில் கற்றவர் கையில் தொழில் இருந்தது, காகிதம் இல்லை. அப்ரண்டிஸ் முடித்தவர் கையில் காகிதம் இருந்தது, பல பேருக்கு வேலை இல்லை. இந்த இரண்டும் ஏன் ஒன்று சேரவில்லை என்பதுதான் இந்தப் பதிவின் கேள்வி.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருந்தது. ஏழு ஆண்டுகளாவது ஒரு தொழிலாளியிடம் பழகினால்தான் அந்தத் தொழிலைச் செய்யலாம். 1814-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் கம்பெனி ஆட்சி 1850-இல் ஒரு பழகுநர் சட்டம் கொண்டுவந்தது. பத்து வயதுக்கு மேல் பதினெட்டுக்குள் இருக்கும் பிள்ளையை, அதிகபட்சம் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு தொழிலுக்கு ஒப்பந்தம் போட்டு அனுப்பலாம். அநாதைப் பிள்ளைகள், தர்மத்தில் வளரும் ஏழைப் பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்துப் போட்ட சட்டம் அது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பழகுநர் ஆவான் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. அந்த எண்ணம் இன்றும் முழுதாக நம்மை விட்டுப் போகவில்லை.

நம் ஊரில் தொழில் என்பது குடும்பத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. தச்சர் மகன் தச்சர், கொல்லர் மகன் கொல்லர். 1953-இல் ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எதிர்த்தவர்கள் அதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று அழைத்தார்கள். பெரிய போராட்டம் நடந்தது. 1954-இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. உங்களில் பலருக்கு இது வரலாற்றுப் பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி. ஆனால் நம் பொருளுக்கு இது முக்கியமான இடம்.

ஏனென்றால் மோட்டார் வண்டி வந்தபோது அதற்கென்று ஒரு குலம் இல்லை. டீசல் என்ஜினை அப்பனிடம் கற்றவர் என்று அன்று யாரும் கிடையாது. பட்டறைக்காரர் சேர்த்துக்கொண்டால் எந்த வீட்டுப் பையனும் கற்கலாம். நடைமுறையில் சொந்தக்காரன், தெரிந்தவன் என்ற சலுகையெல்லாம் உண்டுதான். ஆனாலும் நிலம் இல்லாத வீட்டுப் பையன்கள் பலருக்கு ஸ்பேனர்தான் முதல் சொத்து.

பட்டறைப் பாடம் எப்படி இருந்தது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. பஸ்களின் பின்னால் கரி அடுப்பு போன்ற ஒரு கலத்தைப் பொருத்தி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனமே அந்தக் கலங்களைச் செய்து கொடுத்தது. விடியற்காலையில் கரி போட்டு, பற்றவைத்து, ஊதுசக்கரம் சுற்றி, வாயு கிளம்பும்வரை காத்திருப்பது கிளீனர் பையனின் வேலை. என் சிறுவயதில் பெரியவர்கள் 'கரி பஸ்' என்று இதைத்தான் சொல்வார்கள். அன்று வண்டிகளோடு மல்லுக்கட்டிய கிளீனர் பையன்களில் எத்தனையோ பேர் பின்னாளில் டிரைவர்களாகவும் மேஸ்திரிகளாகவும் ஆனார்கள்.

பிறகு 1954-இல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் கூட்டுடன் லாரி செய்யத் தொடங்கியது. சென்னை எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதன்பின் நம் ஊர் மெக்கானிக்குக்கு இரண்டே பாடப்புத்தகங்கள்: டாட்டா, லேலண்ட்.

பட்டறைக்குப் போன பையன் முதலில் தொடுவது ஸ்பேனர் அல்ல, டீசல் ஊற்றிய தட்டு. கழற்றிய சாமான்களைக் கழுவி வரிசையாக அடுக்க வேண்டும். டீ வாங்கி வர வேண்டும். "பதினெட்டு எடுடா" என்றால் அளவு பார்க்காமல் கை எடுக்க வேண்டும். அடுத்தது டயர், கிரீஸ், பட்டை மாற்றுவது, பிரேக். அதற்கப்புறம் கிளட்ச், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல். கடைசியில்தான் என்ஜின். இதற்குப் பாடத்திட்டம் என்று எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் வரிசை இருந்தது. தப்பினால் பெரிய நஷ்டம் வராத வேலையில் தொடங்கி, தப்பினால் உயிர் போகும் வேலையில் முடியும் வரிசை.

நீளமான திருப்புளியின் முனையை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, "மூணாவது சிலிண்டர்டா" என்று சொல்லும் மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய கலை. சமையலில் கைப்பக்குவம் என்கிறோமே, அதுதான் இங்கும்.

ஆனால் கைப்பக்குவத்துக்கு ஒரு குறை உண்டு. ஏன் என்று சொல்லாது. சக்கரத்து ஹப்பில் பேரிங் போட்டால் நட்டை இறுக்கிவிட்டு, கொஞ்சம் தளர்த்து என்பார் மேஸ்திரி. பையன் அப்படியே செய்வான். இறுக்கமாகவே விட்டால் பேரிங் சூடேறி கிரீஸ் உருகும், தளர்ச்சி அதிகமானால் சக்கரம் ஆடும். இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியும் உண்டு, "கேள்வி கேட்காதே, செய்" என்று தலையில் குட்டியவரும் உண்டு. கம்பெனி வேறு மாதிரி ஹப் கொண்டுவந்த அன்று, காரணம் தெரிந்த பையன் மட்டும் தப்பித்தான்.

சம்பளம் என்று ஒன்று ஆரம்பத்தில் இருக்காது. சாப்பாடு, தீபாவளிக்குத் துணி, சனிக்கிழமை கைச்செலவு. ஜாக்கி நழுவி விரல் போனால் மருத்துவச் செலவு மேஸ்திரியின் மனசைப் பொறுத்தது. எத்தனை ஆண்டு படித்தாலும் படித்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

இந்த இடத்தில்தான் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் வருகிறது. 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 1962 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. இதில் உள்ள விஷயங்களைப் பட்டறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வயது 14 நிரம்பியிருக்க வேண்டும். ஆபத்தான தொழில் என்றால் 18 என்று 2014-இல் திருத்தினார்கள். நிறுவனமும் பழகுநரும் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். பையன் மைனர் என்றால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். அதை அரசு அதிகாரியிடம் பதிய வேண்டும். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அடிப்படைப் பயிற்சி, வேலையிடப் பயிற்சி, அதோடு தொடர்புடைய வகுப்புப் பாடம் மூன்றும் உண்டு. வேலையில் அடிபட்டால் நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும். முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு, தேசியச் சான்றிதழ். 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இடஒதுக்கீடும் வந்தது. அப்பன் என்ன தொழில் செய்தான் என்ற கேள்வியே இந்தச் சட்டத்தில் இல்லை. 1953-இல் எழுந்த சண்டையை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தூரம் என்று புரியும்.

நம் பக்கத்துப் பையன்களுக்கு இந்தச் சட்டம் அறிமுகமான முக்கியமான இடம் திருச்சி. பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் சேர்ந்தவர்களை இன்றும் 'ஆக்ட் அப்ரண்டிஸ்' என்பார்கள். அந்த 'ஆக்ட்' இந்த 1961 சட்டம்தான். பெல் தொழிற்சாலையிலும் எடுத்தார்கள். கனரக வண்டிக்கு வாய்ப்பு வந்தது பஸ்கள் அரசுடைமை ஆனபோது. 1972-இல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. 1985-இல் திருச்சிப் பகுதி தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழகம் என்று தனியாயிற்று. 1997-இல் எல்லாக் கழகங்களின் தலைவர் பெயர்களும் நீக்கப்பட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் வந்தது. அரியலூர், பெரம்பலூர் டிப்போக்கள் இன்று கும்பகோணம் கழகத்தின் திருச்சி மண்டலத்தில் இருக்கின்றன.

டிப்போவில் தொழில் பழகுவது பட்டறையிலிருந்து வேறுபட்டது. பட்டறைக்கு வண்டி வருவது கெட்டுப்போன பிறகு. டிப்போவில் வண்டி கெடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். இரவு வண்டி உள்ளே வந்ததும் டிரைவர் எழுதிவைத்த குறையைப் பார்ப்பது, தினசரிச் சோதனை, இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றம், எஃப்.சி.க்குத் தயார் செய்வது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கியர் பாக்ஸ் கெட்டால் கழற்றி, தயாராக உள்ள வேறொன்றை மாட்டி, பழையதைப் பெரிய ஒர்க் ஷாப்புக்கு அனுப்புவார்கள். விடிந்தால் பஸ் ரூட்டில் நிற்க வேண்டும். அறுபது எழுபது பேர் உயிரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு இந்த ஒழுங்கு தேவை. நம் நாட்டு மெக்கானிக்குக்கு 'தடுப்புப் பராமரிப்பு' என்ற பழக்கத்தைப் பெரிய அளவில் கற்றுக்கொடுத்ததில் டிப்போக்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, இவ்வளவு நல்ல சட்டத்தில் எங்கே இடித்தது?

சட்டத்தின் 18-ஆம் பிரிவு பழகுநர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்றது. 22-ஆம் பிரிவு, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்றது. ஒப்பந்தத்திலேயே வேலை தருவதாக எழுதியிருந்தால்தான் தர வேண்டும். யாரும் அப்படி எழுதவில்லை. ஆண்டுதோறும் ஒரு செட் உள்ளே வரும், ஒரு செட் சான்றிதழோடு வெளியே போகும்.

என் மாணவர்கள் இருவர் கதையைச் சொல்கிறேன். ஒரே பெஞ்ச். ஒருவர் ஒன்பதாம் வகுப்போடு நின்று லாரிப் பட்டறைக்குப் போனார். மற்றவர் பத்து முடித்து, ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து, ஒரு டிப்போவில் அப்ரண்டிஸ் முடித்தார். ஏழெட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், பட்டறைக்காரர் தனி ஷெட் போட்டு இரண்டு பையன்களை வைத்திருந்தார். சான்றிதழ்க்காரர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, அண்ணன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இன்னும் பத்து ஆண்டுகள் போயின. வளைகுடா நாட்டுக் கம்பெனிக்கு ஆள் எடுத்தபோது சான்றிதழ்க்காரர் அந்தக் காகிதத்தைக் காட்டி விமானம் ஏறினார். கை வேலையில் அவரைவிடக் கெட்டிக்காரரான பட்டறைக்காரர், காட்ட ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தார். இருவருமே நல்ல பிள்ளைகள், உழைப்பாளிகள்.

சான்றிதழ் பெற்று வெளியே நின்றவர்களின் வழக்கு கடைசியில் உச்ச நீதிமன்றம் போனது. அதுவும் ஒரு பஸ் கழகத்தின் வழக்குதான். உத்தரப் பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தில் பயிற்சி முடித்தவர்கள் வேலை கேட்டுப் போட்ட வழக்கில் 1995 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. வேலை நிச்சயம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் நான்கு விஷயங்கள் சொன்னது. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால், நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி பெற்ற பழகுநருக்கு முன்னுரிமை. அவருக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பரிந்துரை தேவையில்லை. வயது வரம்பு இடித்தால் பயிற்சிக் காலம் அளவுக்காவது தளர்த்தலாம். ஆண்டுவாரியாகப் பட்டியல் வைத்து, முன்னால் பயிற்சி முடித்தவரை மூத்தவராகக் கருத வேண்டும். நாடு முழுவதும் அப்ரண்டிஸ் முடித்தவர்கள் இன்றும் மனு எழுதும்போது சுட்டிக்காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

இதற்கிடையில் நம் மாவட்டத்தில் பட்டறைகள்தான் பெருகின. காரணம் கல். பக்கத்தில் கல்லக்குடி டால்மியாபுரத்தில் 1939-இலேயே சிமென்ட் ஆலை. அரியலூரில் 1979-இல் அரசு சிமென்ட் ஆலை. பிறகு ஆலத்தியூர், ரெட்டிபாளையம், தளவாய், கோவிந்தபுரம், தாமரைக்குளம் என்று தனியார் ஆலைகள். சுண்ணாம்புக்கல் லாரி சாதாரண லாரி அல்ல. பாரம் அதிகம், சுரங்கப் பாதையில் குழி அதிகம், தூசி அதற்கும் மேல். பட்டை ஒடியும், கிளட்ச் தேயும், ஏர் ஃபில்டர் அடைத்து என்ஜின் திணறும். நடை நின்றால் உரிமையாளருக்கு நஷ்டம். அதனால் மெக்கானிக்குக்கு இரவு பகல் கிடையாது. நம் பிள்ளைகள் பலர் அந்த வெளிச்சத்தில்தான் தொழில் கற்றார்கள்.

ஆனால் இந்தப் பட்டறைகள் சட்டத்தின் கண்ணுக்குப் படவே இல்லை. அப்ரண்டிஸ் சட்டம் பெரிய நிறுவனத்தைப் பார்த்து எழுதியது. மேஸ்திரியும் இரண்டு பையன்களும் உள்ள ஷெட் அதில் இல்லை. நாட்டில் அதிகமாகத் தொழில் கற்றுக்கொடுத்த இடத்துக்கு ஆசிரியர் என்ற மரியாதை கிடைக்கவில்லை. சொல்லிக்கொடுக்கும் வேலையில் ஆயுளைக் கழித்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016 திருத்தத்துக்குப் பின், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற விலக்குகள் தவிர, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. இது மிகச் சரி. பன்னிரண்டு வயதுப் பையன் இருக்க வேண்டிய இடம் வகுப்பறை. ஆனால் பழைய வாசல் மூடியபோது, பதினாறு பதினெட்டு வயதுக்காரன் முறையாக உள்ளே வர ஒரு புது வாசலை நம் பட்டறைகளில் யாரும் திறக்கவில்லை. இன்று மேஸ்திரிகள் "பசங்க கிடைக்கல சார்" என்கிறார்கள்.

வண்டியும் மாறிவிட்டது. 2015 முதல் புதுக் கனரக வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். 2017-இல் பி.எஸ். 4, 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6. என்ஜினில் எத்தனையோ சென்சார்கள். புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசலுக்குத் தனி டேங்க். திருப்புளியைக் காதில் வைத்தால் சென்சார் பழுது கேட்காது. லேப்டாப் மாட்ட வேண்டும். ஜெர்மனியில் 2003-லேயே வண்டி மெக்கானிக், வண்டி எலெக்ட்ரீஷியன் என்ற இரண்டு தொழில்களையும் ஒன்றாக்கி, மூன்றரை ஆண்டுப் பயிற்சி ஆக்கினார்கள். பையன் வாரத்தில் பெரும்பகுதி ஒர்க் ஷாப்பில், மீதி நேரம் தொழிற்பள்ளியில். கையும் பாடமும் ஒரே வாரத்துக்குள். நம்மிடம் கை ஒரு ஷெட்டிலும் பாடம் ஒரு ஐ.டி.ஐ.யிலும் கிடக்கிறது.

சட்டம் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2016-இல் வந்த தேசியத் திட்டத்தின்படி, பழகுநர் உதவித்தொகையில் 25 சதவீதம், அதாவது மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. 2019 விதிகளில் 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குப் பழகுநர் எடுப்பது கட்டாயம். நான்கு பேர் உள்ள இடமும் விரும்பினால் எடுக்கலாம். உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவு படிப்புக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று உயர்த்தினார்கள். ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தரும் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற முறையும் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

ஷெட் வைத்திருக்கும் என் மாணவர்களே, உங்களிடம் நான்கு பேர் வேலை செய்தால், அரியலூர், ஆண்டிமடம், பெரம்பலூர் அரசு ஐ.டி.ஐ.களில் எது பக்கமோ அங்கே ஒருநாள் போய், பழகுநர் எடுப்பது எப்படி என்று கேளுங்கள். இருபது முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் முன்கற்றல் அங்கீகாரம் பற்றியும் கேளுங்கள். உங்கள் கைக்கு ஒரு காகிதம் கிடைத்தால் கை சிறுத்துவிடாது.

பிள்ளையை அப்ரண்டிஸ் சேர்க்கும் பெற்றோரே, ஒப்பந்தம் பதிவானதா என்று பாருங்கள். பதிவில்லாமல் வேலை வாங்கினால் அது பயிற்சி அல்ல, குறைந்த கூலி. தேர்வு எழுதாமல் பாதியில் விடாதீர்கள். சான்றிதழ் வந்த அன்றே வேலை வரும் என்றும் நம்பாதீர்கள். அது முன்னுரிமை தரும் காகிதம், நியமன ஆணை அல்ல.

மேஸ்திரிகளே, பையன் ஏன் என்று கேட்டால் சொல்லுங்கள். நீங்கள் அடிபட்டுக் கற்ற காரணத்தை அவன் அடிபடாமல் கற்கட்டும்.

டிப்போக்களில், லாரிப் பட்டறைகளில் தொழில் பழகிய மூத்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். யாரிடம் கற்றீர்கள், முதலில் என்ன வேலை கொடுத்தார்கள், முதல் சம்பளம் எவ்வளவு என்று எழுதுங்கள். நம் மாவட்டத்தின் கல்லுக்குக் கோடி ஆண்டு வரலாறு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லைச் சுமந்த வண்டிகளை ஓடவைத்தவர்களின் ஐம்பது ஆண்டு வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்